வெயில், மழை, குளிர்: வீட்டு விலங்குகளுக்கு எப்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி இது: வீட்டில் நான்கு வயது பக் நாய் ஒன்றும், ஆண் பூனை ஒன்றும், சின்ன மீன் தொட்டி ஒன்றும் இருக்கின்றன. வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. கோடை, மழை, குளிர் என்று ஒவ்வொரு பருவத்திலும் இவற்றுக்கு என்ன பார்த்துக்கொள்ள வேண்டும்? நாய்க்கு முடியை ஒட்ட வெட்டிவிடலாமா? மின்விசிறியைப் போட்டுவிட்டு வேலைக்குப் போனால் போதுமா?

கடைசி இரண்டு கேள்விகளுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடியை ஒட்ட வெட்ட வேண்டாம். மின்விசிறி மட்டும் போதாது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். நமக்கு எது சுகமாக இருக்கிறதோ அதையே நாய்க்கும் பூனைக்கும் செய்கிறோம். அவற்றின் உடல் வேறு மாதிரி வேலை செய்கிறது. பருவம் மாறும்போது வரும் தொல்லைகளில் பெரும்பாதி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

விசிறிக் காற்று நமக்கு ஏன் குளிர்கிறது? உடம்பெல்லாம் வேர்க்கிறது, அந்த வேர்வையைக் காற்று உலர்த்துகிறது, உலரும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. நாய்க்கு வேர்வைச் சுரப்பி பெரும்பாலும் பாதங்களில்தான். அதை வைத்து உடம்பு முழுவதையும் ஆற்ற முடியாது. நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதுதான் அதன் வழி. நாக்கு, வாய், மூக்கின் உட்பகுதி ஆகியவற்றில் இருக்கும் ஈரம் ஆவியாகி உடல் ஆறுகிறது. காய்ந்த முடியின்மேல் விசிறி சுழன்றால் அதிகப் பயன் இல்லை. அதே நாயின் வயிற்றையும் தொடையிடுக்கையும் பாதங்களையும் ஈரப்படுத்திவிட்டு விசிறி போட்டால் கதையே வேறு, அப்போது ஆவியாக ஏதோ ஒன்று இருக்கிறது.

முடி விஷயமும் இப்படித்தான். பல இனங்களுக்கு மேலே சொரசொரப்பான முடி, அடியில் பஞ்சு மாதிரி ஒரு முடி என்று இரண்டு அடுக்கு உண்டு. பெரும்பாலான பக் நாய்களும் அந்த ரகம். அந்த அடுக்குகளுக்கு இடையில் நிற்கும் காற்று வெயிலைத் தோலுக்கு நேராக இறங்க விடாமல் தடுக்கிறது. மழித்துவிட்டால் தோல் வெந்துபோகலாம். சில நாய்களுக்கு முடி திரும்ப வளரும்போது திட்டுத்திட்டாக வரும். செய்ய வேண்டியது உதிர்ந்து சிக்கி நிற்கும் அடிமுடியைச் சீவி எடுப்பது. வெயில் தொடங்கும் வாரங்களில் தினமும் சீவினால் ஒரு பிடி முடி வரும், பயப்பட வேண்டாம். பூடில், ஷீ ட்சூ மாதிரி நிற்காமல் முடி வளரும் இனங்களுக்குக் குறைத்து வெட்டலாம். அதையும் தோல் தெரியும் அளவுக்குப் போக வேண்டாம்.

உங்கள் நாய் பக் என்பதால் வெயில் விஷயத்தில் கொஞ்சம் நீட்டித்தான் பேச வேண்டியிருக்கிறது. பக், புல்டாக், பிரெஞ்சு புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூக்குத் துளை குறுகல், மூக்கின் உட்பகுதி குட்டை, தொண்டைக்குப் பின்னால் தொங்கும் மெல்லிய அண்ணம் நீளம். உடலை ஆற்ற இருக்கும் முக்கியக் கருவி மூச்சு, அதுவே அடைபட்ட குழாய் வழியாகப் போய்வர வேண்டும். இரைக்க இரைக்க அந்த உழைப்பே புதிதாகச் சூட்டை உண்டாக்குகிறது. தொண்டை வீங்குகிறது, வழி இன்னும் குறுகுகிறது. ஒரு லாப்ரடார் சமாளித்துவிடும் மதிய நடை பக் நாய்க்கு உயிராபத்தாக முடிவது இதனால்தான். பாரசீகப் பூனைக்கும் இதே முக அமைப்புதான் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எடை கூடுதலாக இருந்தால் ஆபத்தும் கூடும். வெயில் உச்சத்துக்குப் போவதற்கு முன்பே நாயை எடை பார்த்து, தேவையென்றால் உணவைக் குறைப்பது எந்தக் குளிரூட்டும் பாயை வாங்குவதையும்விட நல்ல வேலை.

நாய்க்கு இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை. நமக்குக் காய்ச்சல் என்று சொல்லும் அளவு அதற்குச் சாதாரணம். அதனால் தொட்டுப் பார்த்துச் சூடாக இருக்கிறது என்று முடிவுக்கு வரக் கூடாது. 41 டிகிரியைத் தாண்டினால் மூளை, சிறுநீரகம், குடல், ரத்தம் உறையும் தன்மை எல்லாமே கெடத் தொடங்கும்.

வெப்பத் தாக்குதல் என்றதும் பூட்டிய கார்தான் எல்லோர் மனதிலும் வரும். அது உண்மையான ஆபத்து. வெளியே 22 டிகிரி என்ற இதமான நாளில்கூட வெயிலில் நிற்கும் காருக்குள் அரை மணி நேரத்தில் ஏறத்தாழ 20 டிகிரி கூடிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் எதுவும் வராது. ‘ரெண்டே நிமிஷம்’ என்று யாரும் விட்டுப் போகக் கூடாது. ஆனால் பிரிட்டனில் ராயல் வெட்டினரி கல்லூரியும் நாட்டிங்ஹாம் ட்ரெண்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், வெப்பத் தாக்குதலுக்கு ஆளான நாய்களில் ஏறக்குறைய முக்கால்வாசிக்குக் காரணம் ஓட்டமும் விளையாட்டும் நடையும்தான். கார் காரணமாக இருந்தது நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து நாய்களுக்குத்தான். கார் பற்றி எல்லோரும் எச்சரிக்கிறார்கள். பந்து எறிந்து விளையாடுவதைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. பந்தை எறிந்தால் நாய் தானாக நிறுத்தாது. ஆர்வம் உடம்பை மீறி ஓடும். நிறுத்த வேண்டியது நீங்கள்தான்.

நடக்கக் கூட்டிப்போக விடிகாலை நல்ல நேரம். மாலையில் வெயில் இறங்கினாலும் தரை இறங்குவதில்லை. தார்ச் சாலையில் உங்கள் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதத்துக்கும் அது ஆகாது. விடிகாலை என்றாலும் புழுக்கமாக இருந்தால் கவனம் தேவை. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் நாக்கின் ஈரம் ஆவியாகாது, இரைப்பு வீணாகிவிடும். வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் இதைக் கோட்டை விடுகிறார்கள். இன்னொன்று, கோடையின் முதல் சில வாரங்கள். வெப்பத்துக்கு உடல் பழக நாள் பிடிக்கும். கடும் கோடையைக் காட்டிலும், திடீரென்று சூடு ஏறிய முதல் வாரத்தில் பழைய தூரமே நடக்க வைத்தால் விழுந்துவிடும் நாய்கள் உண்டு. இப்போது நீங்கள் இருப்பது அந்த வாரத்தில்தான். நடை நேரத்தைப் பாதியாக்குங்கள். பக் நாய்க்குக் கழுத்துப் பட்டையை எடுத்துவிட்டு மார்பில் மாட்டும் வாரைப் போடுங்கள். வாயை இறுக்கிக் கட்டும் துணிக் கவசம் இந்தப் பருவத்தில் எந்த நாய்க்கும் வேண்டாம், அது இரைக்கவே முடியாமல் செய்துவிடும்.

ஆபத்து எப்படித் தெரியும்? நிழலுக்கு வந்து ஓய்வெடுத்த பிறகும் அடங்காத இரைப்பு. நாக்கும் ஈறும் செக்கச்செவேல் என்று ஆவது. எச்சில் கெட்டியாக நூல் மாதிரி தொங்குவது. தள்ளாட்டம், வாந்தி, ரத்தம் கலந்த பேதி. வலிப்போ மயக்கமோ வந்துவிட்டால் ஏற்கெனவே தாமதம்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியதைப் பற்றிப் பழைய ஆலோசனைகள் நிறைய சுற்றுகின்றன. பனிக்கட்டி கூடாது, தண்ணீர் ஊற்றினால் அதிர்ச்சி வரும், ஈரத் துண்டு போர்த்து என்றெல்லாம். இப்போதைய வழி எளிமையானது: முதலில் ஆற்று, பிறகு கூட்டிப் போ. நிழலுக்குக் கொண்டுவந்து, கிடைக்கும் தண்ணீரை உடனே உடம்பு முழுக்க ஊற்றுங்கள். நாயின் உடல் சூட்டைவிடக் குளிர்ந்த எந்தத் தண்ணீரும் சரி. ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். இளம் வயது, வேறு நோய் இல்லாத நாய் என்றால் தலையை மட்டும் வெளியே வைத்து உடலைத் தொட்டித் தண்ணீரில் இறக்கலாம். வயதான நாய், சப்பை மூக்கு நாய் என்றால் ஊற்றி விசிறுவதே பாதுகாப்பு. ஈரத் துண்டைப் போர்த்திவிடாதீர்கள். சற்று நேரத்தில் துண்டு சூடாகி, உடம்பின் சூட்டை உள்ளேயே பூட்டிவிடும். மயங்கிக் கிடக்கும் நாயின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். வெயிலில் கிடக்கும் ரப்பர் குழாயைப் பிடித்து நேராக நாய்மேல் அடிக்க வேண்டாம். முதலில் வருவது கொதிதண்ணீர் மாதிரி இருக்கும். அதை ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள். வெப்பமானி இருந்தால் 39.5 டிகிரி அளவில் ஆற்றுவதை நிறுத்துங்கள், அதற்குப் பிறகும் ஆற்றிக்கொண்டே இருந்தால் உடல் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும். நாய் எழுந்து வாலை ஆட்டினாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். சிறுநீரகமும் ரத்தம் உறையும் தன்மையும் கெட்டது ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தெரியவரும்.

நீங்கள் வேலைக்குப் போகும் நேரத்துக்கு: வீட்டிலேயே குளுமையான அறை, முடிந்தால் வெறும் தரை தெரியும் அறை, திரை போட்ட ஜன்னல், கவிழாத கனமான பாத்திரங்களில் இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர். ஒரு நாய் நாளொன்றுக்குக் கிலோவுக்குச் சுமார் 50 முதல் 60 மில்லி தண்ணீர் குடிக்கும், வெயிலில் அதைவிட அதிகம். ஏசி இருந்தால் 25, 26 டிகிரி போதும். ஆனால் மின்சாரம் போனால் அறை என்ன ஆகும் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். மூடிய சின்ன அறையில் நாயை விட்டு ஏசியை நம்பிப் போவதற்குப் பதில், அது நகர்ந்து வேறு இடம் தேடிக்கொள்ளும்படி கதவைத் திறந்து வைப்பது நல்லது. நாய்க்குக் குளுமையான இடத்தைக் கண்டுபிடிக்கத் தெரியும், நாம் வழியை அடைக்காமல் இருந்தால் சரி.

பூனை வெயிலை ஓரளவு நன்றாகச் சமாளிக்கும். உடம்பை நக்கி ஈரமாக்கிக்கொள்ளும், நாள் முழுக்கத் தூங்கும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: நாய் இரைத்தால் அது சாதாரணம், பூனை வாயைத் திறந்து இரைத்தால் சாதாரணம் இல்லை. விளையாடி முடித்த குட்டி சில நொடி இரைக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும் பூனை இரைத்தால் வெப்பமோ, இதயமோ, நுரையீரலோ, ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது. அன்றே காட்ட வேண்டும். வெள்ளைப் பூனையாக இருந்தால் காது நுனியையும் மூக்கையும் பாருங்கள். நிறமி இல்லாத அந்த இடங்களில் வருடக்கணக்கில் வெயில் பட்டுத் தோல் புற்று வருவதுண்டு. ஆறாத சின்னப் பொருக்கு என்று தொடங்கும். மனிதர்களுக்கான சன்ஸ்க்ரீனைப் பூசாதீர்கள். நக்கிவிடும், அதிலிருக்கும் துத்தநாக ஆக்சைடும் சாலிசிலேட்டும் அவற்றுக்கு நஞ்சு.

பூனைக்குக் கோடையில் வரும் பெரிய ஆபத்து வெயிலே இல்லை, திறந்த ஜன்னல். காற்றுக்காகத் திறந்து வைக்கிறோம், பறவையையோ பூச்சியையோ பார்த்துப் பூனை தாவுகிறது. கீழே விழும் பூனை காலூன்றித்தான் விழும், அதனால் ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை நிறையப் பேருக்கு இருக்கிறது. பல பூனைகள் பிழைப்பது உண்மைதான், ஆனால் உடைந்த தாடை, கிழிந்த அண்ணம், நுரையீரல் பாதிப்பு என்று பிழைக்கின்றன. கொசு வலை பூனையின் எடையைத் தாங்காது. கம்பி வலை அடியுங்கள், அல்லது பூனையின் தலை நுழையாத அளவுக்கு மட்டும் ஜன்னல் திறக்கும்படி தடுப்பு வையுங்கள். மேலிருந்து சாய்த்துத் திறக்கும் ஜன்னலில் பூனை இடுக்கில் சிக்கித் தொங்கிவிடுவதும் நடக்கிறது.

மீன் தொட்டிக்குச் சுருக்கமாக. தண்ணீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் என்றால் 30 டிகிரியில் ஏழரை. அதே நேரத்தில் மீனின் உடல் வேகமாக இயங்கி அதிக ஆக்சிஜன் கேட்கும். வரவு குறைகிறது, செலவு கூடுகிறது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால் இதுதான் காரணம். காற்றுக் குமிழி விடும் கருவியைக் கூட்டி வையுங்கள், தீனியைக் குறையுங்கள், தொட்டி விளக்கைக் குறைந்த நேரம் எரியவிடுங்கள். மூடியை எடுத்துத் தண்ணீர்ப் பரப்பின்மேல் சின்ன விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். இங்கே விசிறி நன்றாக வேலை செய்யும், ஆவியாகத் தண்ணீர் இருக்கிறதே! பனிக்கட்டியைப் போட்டுத் திடீரென்று குளிர்விக்க வேண்டாம். சட்டென்ற வெப்ப மாற்றத்தில் மீனின் எதிர்ப்புச் சக்தி சரிந்து வெள்ளைப்புள்ளி நோய் தொற்றிக்கொள்ளும்.

இனி மழை. மழையில் நனைவதால் நாய்க்குச் சளி பிடிக்கும் என்பதுதான் பலரின் கவலை. அது கடைசிக் கவலையாக இருக்கட்டும். ஈரம் கொண்டுவரும் மற்றவற்றைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

முதலாவது உண்ணி. சூடும் ஈரமும் சேர்ந்த மாதங்களில் பெருகும். நாய்மேல் தெரிவதை எல்லாம் பிடுங்கிவிட்டு முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் நாய்களில் அதிகம் காணப்படும் பழுப்பு உண்ணி, வாழ்நாளின் பெரும்பகுதியை நாய்மேல் கழிப்பதில்லை. ரத்தம் குடித்து முடித்த பெண் உண்ணி கீழே இறங்கி, சுவர் விரிசலிலும் கதவு நிலையின் இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். நாயைக் குளிப்பாட்டிவிட்டுப் படுக்கையை அப்படியே விட்டால் அடுத்த படை தயார். படுக்கைத் துணியைச் சுடுதண்ணீரில் துவையுங்கள், இடுக்குகளைத் தூசி உறிஞ்சியால் சுத்தம் செய்யுங்கள், விரிசல்களைப் பூசி அடையுங்கள். ஒட்டியிருக்கும் உண்ணியை எடுக்க, மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நிதானமாக நேரே இழுக்க வேண்டும். தீக்குச்சி, மண்ணெண்ணெய், எண்ணெய் எதுவும் வேண்டாம். தொந்தரவு செய்தால் அது உள்ளிருப்பதைக் காயத்துக்குள் கக்கிவிடும். உண்ணி பரப்பும் எர்லிகியா, பபீசியா என்ற இரண்டு கிருமிகளும் ரத்தத்தைக் கெடுப்பவை. தொடக்கத்தில் வெறும் சோர்வு, சாப்பாட்டில் விருப்பமின்மை, விட்டுவிட்டு வரும் காய்ச்சல் என்றுதான் தெரியும். ஈறு வெளுத்துப்போனாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ, சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலோ தள்ளிப்போடாதீர்கள்.

உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் இப்போது நல்ல மருந்துகள் இருக்கின்றன. கழுத்தில் விடும் சொட்டு, மாதம் ஒரு முறையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ கொடுக்கும் மாத்திரை என்று. வலிப்பு வந்த நாய் என்றால் மாத்திரையைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். உங்கள் வீட்டில் பூனையும் இருப்பதால் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். நாய்க்கான சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். நாய்க்கு அது ஒன்றும் செய்யாது. பூனையின் கல்லீரலால் அதைச் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது. நடுக்கமும் வலிப்பும் வந்து பூனை இறந்துபோகும். பூனைக்கு அதைப் போடக் கூடாது என்பது மட்டுமில்லை, மருந்து போட்ட நாயோடு உரசிப் படுத்தாலே போதும். மருந்துப் பெட்டியின் பின்புறத்தைப் படியுங்கள், அதில் பெர்மெத்ரின் என்று இருந்தால் உங்கள் வீட்டுக்கு அந்த மருந்தே வேண்டாம்.

இரண்டாவது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய தண்ணீரில் லெப்டோஸ்பைரா கிருமி வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். நாய் அதைக் குடிக்க வேண்டும் என்றுகூட இல்லை, பாதத்தில் சிராய்ப்போடு மிதித்தாலே தொற்றும். கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும், நாயிடமிருந்து நமக்கும் வரும். தடுப்பூசி உண்டு. ஆனால் முதல் முறை போடும் நாய்க்கு இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி தேவை, அதன் பிறகுதான் முழுப் பாதுகாப்பு வரும். மழை தொடங்கிய பிறகு யோசித்தால் பாதிப் பருவம் போய்விடும், இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. கண் வெள்ளை மஞ்சளானாலோ, காய்ச்சலோடு வாந்தியும் வந்தாலோ அந்த நாயின் சிறுநீரைக் கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

மூன்றாவது கொசு. இதயப்புழுவை நாய்க்குக் கொண்டுவருவது கொசுதான். கடித்த அன்று உள்ளே போகும் நுண்புழு, இதயத்திலும் நுரையீரல் ரத்தக் குழாயிலும் முழு வளர்ச்சி அடைய ஆறேழு மாதம் ஆகும். அதனால் மழைக்காலத்தில் வந்த நோய் அடுத்த கோடையில் இருமலாகத் தெரியும், யாரும் மழையோடு அதை முடிச்சுப்போட மாட்டார்கள். மாதாந்திரத் தடுப்பு மாத்திரை, வரப்போகும் மாதத்துக்கான காப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது பின்னோக்கி வேலை செய்கிறது, போன மாதம் புகுந்த நுண்புழுவைக் கொல்கிறது. கொசு குறைந்துவிட்டது என்று உடனே நிறுத்தக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். தொடங்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை வேண்டும். ஏற்கெனவே புழு நிறைய இருக்கும் நாய்க்கு மாத்திரை கொடுத்தால் சில சமயம் விபரீதமாகிவிடும்.

மற்றவை சின்ன வேலைகள், ஆனால் தினசரி வேலைகள். நனைந்து வந்ததும் விரலிடுக்கு, அக்குள், வாலின் அடி ஆகியவற்றைத் துடையுங்கள். பக் நாய்க்கு முகத்து மடிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மடிப்புக்குள் ஈரம் நின்றால் புளித்த வாடை அடிக்கும், அடுத்து புண். துடைத்தால் மட்டும் போதாது, உலர வேண்டும். காதைத் தலையாட்டிச் சொறிந்தால் பஞ்சுக் குச்சியை விடாதீர்கள், அழுக்கை இன்னும் உள்ளேதான் தள்ளும். வட்டமாக முடி கொட்டினால் படர்தாமரையாக இருக்கலாம், வீட்டில் குழந்தை இருந்தால் முதலில் அவர்கள் கையைக் கழுவச் சொல்லுங்கள்.

தேரையை நாய் கவ்விவிட்டால் வாயில் நுரை தள்ளும். தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, தண்ணீர் வெளியே வழியும்படி வாயைக் கழுவிவிட்டு, நடுக்கம் வந்தால் உடனே கிளம்புங்கள். பாம்பு கடித்தது என்ற சந்தேகம் வந்தாலே கட்டுப் போட வேண்டாம், கீற வேண்டாம். நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு விஷமுறிவு மருந்து இருக்கும் இடத்துக்குப் போங்கள். போகும் வழியில் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொண்டால் நேரம் மிச்சம்.

இடிச் சத்தம் தனிக் கதை. பயந்து நடுங்கும் நாயைக் கொஞ்சினால் பயம் கூடும், கண்டுகொள்ளாதே என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பயம் என்பது உணர்ச்சி, கெட்ட பழக்கம் இல்லை. அணைத்துக்கொள்வதால் அது வளராது. அது உங்களிடம் வந்தால் இடம் கொடுங்கள், கட்டிலடியில் ஒளிந்தால் அங்கேயே விடுங்கள், இழுக்காதீர்கள். ஜன்னலை மூடி, திரை போட்டு, ஏதாவது பாட்டு ஓடவிடுங்கள். மிரண்டு ஓடித் தொலையும் நாய்கள் இந்தச் சமயத்தில்தான் அதிகம், அதனால் கழுத்துப் பட்டையிலோ மார்பு வாரிலோ உங்கள் தொலைபேசி எண் இருக்கட்டும். கதவை உடைக்கும் அளவு மிரளும் நாய்க்கு மருத்துவர் தரும் பதற்றம் தணிக்கும் மருந்து உண்டு, கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

குளிரைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை. முடி குறைந்த நாய், மெலிந்த நாய், வயதானது, குட்டி ஆகியவற்றுக்குத்தான் போர்வையும் சட்டையும். பிறந்து மூன்று நான்கு வாரம் வரை குட்டிகளுக்குத் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. வயதான நாய்க்கு மூட்டு வலி குளிரில் அதிகமாகத் தெரியும், காலையில் எழ நேரமாகும். தடித்த படுக்கையும் வழுக்காத விரிப்பும் போடுங்கள். அப்புறம், ஒரு பாரசிட்டமால் கொடுத்தால் என்ன என்று தோன்றும் பாருங்கள், அங்கேதான் நிறுத்த வேண்டும். பூனைக்கு ஒரே ஒரு பாரசிட்டமால் மாத்திரை உயிரைப் பறிக்கப் போதும். நாய்க்கு இபுப்ரோஃபென் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தைக் கெடுக்கும். விலங்குகளுக்கென்றே மூட்டு வலி மருந்துகள் இருக்கின்றன.

உங்கள் பூனை ஆண் என்று எழுதியிருந்தீர்கள். குளிரில் பூனை தண்ணீர் குறைவாகக் குடிக்கும், வெளியே போகாமல் சுருண்டு கிடக்கும், சிறுநீர் கெட்டியாகும். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகல், படிகமோ சளியோ அடைத்துவிடும். மணல் தட்டில் மறுபடி மறுபடி போய் உட்காரும், முக்கும், கத்தும், சொட்டு வந்தால் பெரிது. மலச்சிக்கல் என்று நினைத்து இரண்டு நாள் பார்ப்போம் என்று விடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. முழுவதும் அடைத்துவிட்டால் ஓரிரு நாளில் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். நள்ளிரவானாலும் கிளம்புங்கள். தடுக்க, ஈர உணவு கொடுங்கள், அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். தண்ணீர்க் கிண்ணத்தைச் சாப்பாட்டுத் தட்டுக்கும் மணல் தட்டுக்கும் தள்ளி வேறு இடத்தில் வையுங்கள், பல பூனைகள் அப்போதுதான் குடிக்கின்றன.

வெளியே திரியும் பூனைகள் சூட்டுக்காகக் கார் எஞ்சினுக்குள் ஏறிப் படுக்கும். குளிர்காலக் காலையில் காரைக் கிளப்பும் முன் முன்மூடியை இரண்டு தட்டுத் தட்டுங்கள். ரேடியேட்டரில் ஊற்றும் உறைதடுப்புத் திரவம் ஒழுகியிருந்தால் உடனே துடையுங்கள். அதிலிருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஒரு தேக்கரண்டி அளவே பூனையைக் கொல்லும். அறைக்குள் எரிபொருள் எரித்துச் சூடேற்றுபவர்கள் ஜன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள். கூண்டுப் பறவை இருக்கும் வீட்டில் இன்னொன்றும் உண்டு. ஜன்னல்களை மூடிய வீட்டில் ஒட்டாத பூச்சுள்ள வாணலியை வெறுமனே அடுப்பில் காயவிட்டால் எழும் புகை நமக்குத் தெரியக்கூடத் தெரியாது, பறவை சில நிமிடங்களில் செத்து விழும். வெள்ளெலி (ஹாம்ஸ்டர்) குளிரில் கட்டையாகச் சுருண்டு கிடந்தால் செத்துவிட்டது என்று புதைத்துவிட வேண்டாம். உறைதூக்கமாக இருக்கலாம். கையில் வைத்து மெல்லச் சூடேற்றி, மீசை அசைகிறதா, மூச்சு ஓடுகிறதா என்று பொறுமையாகப் பாருங்கள்.

எல்லாப் பருவத்துக்கும் சேர்த்து ஒரு வேலை. விலங்குகள் நோயை மறைக்கும், பூனை ரொம்பவே மறைக்கும். எது கெட்டிருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் நன்றாக இருக்கும்போது எப்படி இருந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும். நாயோ பூனையோ நன்றாகத் தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை மார்பு ஏறி இறங்குகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். 30க்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேல் தொடர்ந்து போனால் எந்தப் பருவமானாலும் காட்டுங்கள். பக் நாய் குறட்டை விடுவது வழக்கம்தான் என்று விட்டுவிடாமல் அதையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். மூக்குத் துளையை அகலப்படுத்தி, நீண்ட அண்ணத்தைக் குறைக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. உங்கள் நாய்க்குத் தேவையா என்று பார்க்க, வெயில் உச்சத்துக்கு வருமுன் இந்த மாதமே ஒரு நாள் கூட்டிப்போங்கள். போகும்போதே எலிக்காய்ச்சல் ஊசிக்கும் இதயப்புழுப் பரிசோதனைக்கும் தேதி கேட்டுவிடலாம், மழைக்கு முன் எல்லாம் முடிந்துவிடும்.